எடைக்கு எடை வெல்லம்

"ஆளு நல்லாத் தேறிட்டாப்ல" என்று யாராவது சொன்னால் போதும், திருப்பதிக்குக் குமட்டிக்கொண்டு வரும். நெஞ்சுக்குழிக்குக் கீழே அவனுக்கு எந்த உணர்வும் கிடையாது. கிள்ளினாலும் தெரியாது, சுட்டாலும் தெரியாது. ஆனால் குமட்டல் தொண்டையில்தானே வருகிறது. தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

தேறிவிட்டதாக ஊர் சொன்னது அவன் தொப்பையை. வீல்சேரில் உட்கார்ந்தால் அது மடியில் வந்து படுத்துக்கொள்ளும், யாரோ பெற்றுப் போட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி. மடிப்புகளுக்குள் வேர்வை தேங்கி நாறும். அவன் மனைவி சத்யா காலையிலும் மாலையிலும் அந்த மடிப்புகளை விலக்கித் துடைத்துப் பவுடர் போடுவாள். அவள் கை அங்கே இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்ள வேண்டும். பார்க்கச் சகிக்காமல் சுவர்ப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

கறம்பக்குடிக்குக் கிழக்கே அந்த ஊரிலும் சுற்றிலும் கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா எதுவானாலும் 'திருப்பதி ரேடியோஸ்' செட்டுத்தான். நாலு வருசத்துக்கு முன் பங்குனித் திருவிழாவுக்கு மாரியம்மன் கோயில் புளியமரத்தில் குழாய் ஒலிபெருக்கி கட்ட ஏறினான். கிளை முறிந்தது. முதுகெலும்பும் முறிந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தபோது குச்சிபோல் இருந்தான். சதை எல்லாம் வீட்டுக்கு வந்தபின் போட்டதுதான்.

அதைப் போட வைத்தது ஊர். படுத்துக் கிடக்கிற ஆளைப் பார்க்க வெறுங்கையோடு போவது அங்கே மரியாதைக் குறைச்சல். சத்துமாவு, சத்துப் பவுடர் பாட்டில், பிஸ்கட், ஆரஞ்சு, முறுக்கு, அதிரசம், ஆட்டுக்கால் சூப்பு. வந்தவர்கள் கொடுத்துவிட்டுப் போனாலும் பரவாயில்லை. அவன் வாயில் ஒரு கடி போவதைக் கண்ணால் பார்க்காமல் எழுந்திருக்க மாட்டார்கள். "சாப்புடுங்க, தெம்பு வேணும்ல" என்பார்கள். எதற்குத் தெம்பு? எங்கே ஓடப்போகிறான்?

ஊரைச் சொல்லி என்ன. அவனும் தின்றான். மற்ற எல்லாச் சுகமும் போய் நாக்கு ஒன்றுதான் மிச்சம் என்பதுபோல, மத்தியானம் யாரும் இல்லாத நேரத்தில் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு கடைசித் தூள் வரைக்கும் நக்கினான். தின்று முடித்ததும் தன்னையே காறித் துப்பலாம் போலிருக்கும். உள்ளே போனது எதுவும் தானாக வெளியே வராத உடம்பு அது. மறுநாள் காலையில் சத்யா கையுறை மாட்டிக்கொண்டு வந்து எடுத்தாக வேண்டும். அந்த அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பிசியோ ஜெரால்டு, ஆவூர்ப் பக்கத்துப் பையன், ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

"அண்ணே, ஒங்க ஒடம்புல பாதிக்கு மேல சும்மா கெடக்கு. சும்மா கெடக்குறதுக்கும் சேத்து நீங்க சாப்புடுறீங்க. அதெல்லாம் எங்க போவும்? வயித்துலதான் போயி ஒக்காரும். கட்டில்லேர்ந்து சேருக்கும், சேர்லேர்ந்து வண்டிக்கும் ஒங்களைத் தூக்கிப் போடுறது இந்த ரெண்டு தோள்தான். அது ரெண்டும் தேஞ்சிக்கிட்டு வருது. எடையக் கொறைக்கலைனா தோள் போயிரும். தோள் போச்சுன்னா அப்பறம் கட்டில்தாண்ணே. கட்டில்னா புண்ணுதான்."

திருப்பதிக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். சைடு வீல் வைத்த ஸ்கூட்டரில் கோயிலுக்கோ கல்யாணப் பந்தலுக்கோ போய், ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து குமிழைத் திருகிக்கொண்டிருக்கும் இடம். மரம் ஏறவும் வயர் இழுக்கவும் சித்தப்பா மகன் நாகராசு இருக்கிறான். ஆனால் மைக் இரைவதற்கு அரை நொடி முன்னால் கை குமிழுக்குப் போவது திருப்பதிக்குத்தான் வரும். அங்கே இருக்கும்போது யாரும் அவனுக்கு ஊட்டிவிட வரமாட்டார்கள். அந்த இடமும் போய்விட்டால் பல்லியும் சுவரும்தான்.

ஜெரால்டு சொன்னபடி சத்யா ஒரு மாதம் செய்து பார்த்தாள். ஒரு கரண்டிச் சோறு, தட்டு நிறையக் கீரையும் காயும், முட்டை, மோர். சாயங்காலப் பலகாரம் கிடையாது. இரண்டு கையிலும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கித் தூக்கி இறக்கினான் அவன். கன்னம் கொஞ்சம் ஒட்டியது. வீல்சேரிலிருந்து வண்டிக்கு ஒரு மூச்சில் தாவினான். அப்போதுதான் அவன் அக்கா செல்வராணி வாயைத் திறந்தாள்.

செல்வராணியை அதே ஊரில் மேலத்தெருவில் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பி என்றால் உயிர். அந்த உயிர்தான் இவனை வதைத்தது. குழாயடியில் நாலு பேர் நிற்க, "என் தம்பியக் கொஞ்சம் கொஞ்சமாப் பட்டினி போட்டுச் சாகடிக்கப் பாக்குறா. பாரம் கழிஞ்சா சரின்னு நெனைக்கிறா போல" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அதே பேச்சு. மாவு மில்லில் சத்யாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

அன்று இரவு சத்யா தட்டில் சோற்றை மலையாய்க் குவித்துக் கொண்டுவந்து வைத்தாள்.

"என்ன இது?" என்றான்.

"சாப்புடுங்க. நீங்க எளைக்க வேணாம் சாமி. புருசனுக்குச் சோறு போடாதவன்னு பேரு வாங்கிக்கிட்டு என்னால தெருவுல நடக்க முடியாது."

அவன் சாப்பிட்டான். மறுசோறும் வாங்கிக்கொண்டான். வெட்கங்கெட்ட வயிறு, கூப்பிட்ட குரலுக்கு வந்துவிடும்.

அதன்பின் ஒரே ஏற்றம்தான். கைகள் தூக்க மறுத்தன. தோளுக்குள் மணல் அரைபடுவது போலிருந்தது. இப்போது சத்யாதான் அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டாள். அவள் எடை அவன் எடையில் பாதி இருக்கும். தூக்கி முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். முனகல் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்.

இந்த லட்சணத்தில்தான் செல்வராணி நேர்த்திக்கடனை ஞாபகப்படுத்தினாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தம்பி உயிரோடு வந்தால் எடைக்கு எடை வெல்லம் கொடுப்பதாக அதே மாரியம்மனுக்கு வேண்டியிருந்தாளாம்.

"அந்த ஆத்தா கோயில்லதான விழுந்தேன்" என்றான் திருப்பதி.

"விழுந்தவன உசுரோட விட்டாள்ல. வாயக் கழுவு. இந்தப் பங்குனிக்கு முடிச்சிருவோம். இப்பதான் நீயும் தேறியிருக்க, பாக்குறதுக்கும் நல்லாருக்கும்."

தராசு, கடலைக் கமிஷன் கடையில் சும்மா கிடந்த பழைய பெரிய தராசு. கோயில் கொட்டகை உத்திரத்தில் சங்கிலி போட்டுத் தொங்கவிட்டார்கள். ஒரு தட்டுக்குப் பதிலாக அவன் உட்கார ஒரு பலகை. முந்தின நாள் சாயங்காலம் வந்த வெல்ல மூட்டைகளை மண்ணில் வைக்கக் கூடாது என்று செல்வராணி அந்தப் பலகைமேலேயே அடுக்கச் சொன்னாள். அவ்வளவு பக்தி.

காலையில் மூட்டைகளை இறக்கிவிட்டுப் பலகைமேல் ஒரு புது வேட்டியை விரித்தார்கள். திருப்பதி வண்டியில் வந்து சேர்ந்தான். சத்யா அவனுடைய ரப்பர் மெத்தையைப் பலகையில் போடப் போனாள். அதில்லாமல் கடினமான எதிலும் அவன் உட்காரக் கூடாது.

செல்வராணி கையைத் தட்டிவிட்டாள். "ஒடம்பு எடைக்குத்தான் வேண்டியிருக்கேன், மெத்தைக்கு இல்ல. சாமி கணக்குல பித்தலாட்டம் பண்ணாத."

"அண்ணி, வெறும் பலகைல ஒக்காந்தா புண்ணாயிரும்."

"ரெண்டு நிமிசத்துல என்னா ஆயிரும்? ஒனக்கு எதுக்கெடுத்தாலும் ஒரு நொட்டைச் சொல்லு."

சுற்றி நின்ற பெண்கள் சத்யாவைப் பார்த்தார்கள். சத்யா மெத்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள்.

நாலு பேர் அவனைத் தூக்கினார்கள். ஒருவன் "யப்பா, நெல்லு மூட்டை தோத்துச்சு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். தூக்கும்போது வேட்டி விலகித் தொப்பை வெளியே தொங்கியது. பலகையின் விளிம்பில் இடித்து, இழுத்து, உள்ளே தள்ளி உட்காரவைத்தார்கள். அவன் இரண்டு கையாலும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான்.

மறுதட்டில் வெல்லம் ஏறியது. விழுவதற்கு முன் அவன் இருந்த எடையோடு தேறினதுக்கென்று கொஞ்சம் சேர்த்துச் செல்வராணி வாங்கியிருந்தாள். எல்லா மூட்டையும் ஏற்றியாயிற்று. பலகை தரையைவிட்டு அசையவில்லை.

நாகராசுதான் அன்றைக்கு மைக். உற்சாகம் தலைக்கேறிவிட்டது அந்த முட்டாளுக்கு. திருப்பதியின் சொந்தக் குழாய்கள் நாலு திசைக்கும் முழங்கின. "பக்தகோடிகளே, வெல்லம் பத்தலை! அண்ணன் அசைய மாட்டேங்குறாரு! தேங்கா இருக்கவுக தேங்கா கொண்டாங்க, அரிசி இருக்கவுக அரிசி கொண்டாங்க!"

தேங்காய் வந்தது. அரிசிப் பை வந்தது. யாரோ வாழைத்தாரைத் தூக்கி வைத்தார்கள். ஒவ்வொன்றும் ஏறும்போது சிரிப்பு. இது கேலிகூட இல்லை. மனதார மகிழ்ந்து சிரித்தார்கள், பெருத்துப்போன உடம்பைப் பெருமையாகப் பார்த்தார்கள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. அத்தனை முகத்திலும் ஒரு முகம்கூட அருவருப்புக் காட்டவில்லையே, இவர்களுக்குக் கண் இருக்கிறதா என்று பல்லைக் கடித்துக்கொண்டான். கடைசியில் கோயில் நெல் மூட்டை ஒன்றை வைத்தபின்தான் பலகை மேலே எழும்பியது. கமிஷன் கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னதை நாகராசு ஊருக்கே அறிவித்தான். "தொண்ணூத்தாறு கிலோ!" கைதட்டல்.

அப்போதுதான் அவன் கால் உதறியது.

முதலில் வலது கால் வெட்டி இழுத்தது. பிறகு இரண்டும். முழங்கால் தூக்கித் தூக்கிப் போட்டது, பலகையே ஆடியது. முதுகு அடிபட்டவர்களுக்கு இந்த இழுப்பு சகஜம். கீழே ஏதாவது குத்தினால், அழுத்தினால், மூளைக்குத் தெரியாமலே கால் துள்ளும். ஜெரால்டு படித்துப் படித்துச் சொன்ன சங்கதி. ஆனால் கொட்டகையில் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்?

"கால் ஆடுது! ஆத்தா கண்ணத் தொறந்துட்டா!" என்று ஒரு குரல். உடனே குலவை. செல்வராணி ஓடிவந்து அவன் துள்ளும் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"அக்கா, இது இழுப்புக்கா. அடியில எதோ குத்துது போல. எறக்குங்க, எறக்குங்கடா" என்று கத்தினான். அவனுடைய நாலு குழாயும் உடுக்கையும் சேர்ந்து முழங்கிக்கொண்டிருந்தன. ஒருத்தர் காதிலும் விழவில்லை. வெகுநேரம் அவனைப் பலகையிலேயே வைத்து, வரிசையாக வந்து காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஒருத்தி அவன் வாயில் வெல்லக் கட்டியைத் திணித்தாள்.

வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு மாற்றும்போது சத்யாவால் முடியவில்லை. பாதியில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. இருவருமாகக் கட்டில் சட்டத்தில் சரிந்தார்கள். நாகராசு ஓடிவந்து புரட்டிப் போட்டுவிட்டுப் போனான். சத்யா மூச்சு வாங்கிக்கொண்டே அவன் வேட்டியை அவிழ்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னடி?"

அவள் படுக்கைப் புண் வந்திருக்கிறதா என்று பார்க்க ஜெரால்டு கொடுத்திருந்த கைக்கண்ணாடியை எடுத்து அவன் பார்க்கும்படி சாய்த்துப் பிடித்தாள்.

எறும்பு. சிவப்புச் சுள்ளெறும்பு. தொடைக்கு அடியிலும் பின்புறத்திலும் மொய்த்துக் கிடந்தது. ராத்திரி முழுக்க வெல்லம் கிடந்த பலகை அல்லவா? இடுக்கிலெல்லாம் புகுந்திருந்தவை, வேர்வையும் வெல்லத் தூளும் கலந்த இளகின சதை வந்து உட்கார்ந்ததும் ஏறிக்கொண்டன. தடித்துச் சிவந்த கடிவாய்கள், கொப்புளங்கள். பலகை விளிம்பு கிழித்த இடத்தில் ரத்தம் கட்டி, அந்த ரத்தத்திலும் எறும்பு. தன் உடம்பைத் தின்றுகொண்டிருந்தவற்றின்மேல் உட்கார்ந்து ஊர்க் கும்பிட்டை வாங்கியிருக்கிறான். ஒரு சுருக்குக்கூட உறைக்கவில்லை. கழுத்தைத் திருப்பித் தரையில் வாந்தி எடுத்தான். வெல்லம்தான் வந்தது.

சத்யா அழவில்லை. ஈரத் துணியால் எறும்புகளை ஒத்தி ஒத்தி எடுத்து வாளித் தண்ணீரில் போட்டாள். இடுப்பை நிமிர்த்த முடியாமல் முட்டி போட்டுக்கொண்டே செய்தாள். முடித்துவிட்டு ஜெரால்டுக்குப் போன் போட்டாள். அவன் சொன்னதை ஸ்பீக்கரில் இருவரும் கேட்டார்கள். புண்ணை இன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும். ஆறுகிற வரைக்கும் குப்புறத்தான் படுக்க வேண்டும், வாரக்கணக்கில் ஆகலாம், உட்காரவே கூடாது.

"எடை எவ்ளோண்ணே இருந்துச்சு?"

திருப்பதி சொன்னான்.

"அக்கா, இனிமே நீங்க ஒத்த ஆளாத் தூக்காதீங்க" என்றான் ஜெரால்டு. "ரெண்டு பேரும் படுத்துட்டா யாரு பாக்குறது?"

ஆஸ்பத்திரியில் மருந்து வைத்துக் கட்டி அனுப்பினார்கள். மறுநாள் காலையில் திருப்பதி குப்புறக் கிடந்தான். தரையும் கட்டில் காலும் வாசற்படியும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. திருவிழா இன்னும் முடியவில்லை. கோயிலில் அவன் செட்டு அவனில்லாமல் பாடிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து வாசலில் செருப்புச் சத்தம். ஆத்தா கால் கொடுத்த மனிதனைப் பார்க்கக் கீழத்தெருவிலிருந்து ஆள் வந்துவிட்டது. சும்மா வருவார்களா? கொழுக்கட்டை, பணியாரம், நெய் உருண்டை. பாத்திரம் பாத்திரமாகத் தின்பண்ட வாசனை வாசலில் கட்டி நின்றது.

சத்யா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வெளியே போனாள். சற்று நேரத்தில் பாட்டு பாதியில் நின்றது. குழாய் கரகரத்தது. யாரோ மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது.

"எல்லாருக்கும் வணக்கங்க. நான் ரேடியோ செட்டுக்காரரு சம்சாரம் சத்யா பேசுறேன். நேத்து எங்க வீட்டுக்காரருக்குக் கால் ஆடுனது ஆத்தா செஞ்சதில்லைங்க. எறும்பு கடிச்சிச்சு. வெல்லத்துல இருந்த எறும்பு. பின்னாடி பூராம் புண்ணு. நம்பாதவுக வந்து பாத்துக்கங்க."

திருப்பதி தலையணையில் முகத்தைப் புதைத்தான். தொண்ணூத்தாறு கிலோவை ஊருக்குச் சொன்ன குழாய் இப்போது பின்புறத்தையும் சொல்லிவிட்டது.

"இன்னையிலேர்ந்து அவருக்கு நான் அரை வயித்துக்குத்தான் சோறு போடுவேன். புருசனப் பட்டினி போடுறான்னு பேசுறவுக பேசிக்கங்க. எளைக்கத்தான் போறாரு. எளைச்சாத்தான் என்னால தூக்க முடியும். என் இடுப்பு போச்சுங்க. நான் விழுந்துட்டேன்னா அவரு கட்டில்லயே கெடந்து புழுத்துருவாரு. அதனால யாரும் பலகாரம் கொண்டாராதீங்க. ஒத்தாசை செய்யணும்னா வெறுங்கையோட வாங்க. காலைல ஒருக்கா, பொழுதுசாய ஒருக்கா, அவரப் பொரட்டிப் படுக்கவைக்க ரெண்டு ஆளு வேணும்."

பேச்சு முடிந்தது. ஆனால் மைக்கை நிறுத்த அவளுக்குத் தெரியவில்லை. நாகராசு எங்கே போய்த் தொலைந்தானோ. அவள் மூக்கை உறிஞ்சுவது, மூச்சு தேம்புவது, அடக்கி அடக்கி முடியாமல் உடைவது எல்லாம் நாலு குழாயிலும் ஊருக்குக் கேட்டது. திருப்பதியின் வலது கை கட்டில் விளிம்பில் தானாகத் திரும்பியது, குமிழைத் திருகுவதுபோல. அவன் அங்கே இருந்திருந்தால் அந்த அழுகையை ஒரு காதுக்கும் போகவிட்டிருக்க மாட்டான்.

டப்பென்று யாரோ அணைத்தார்கள். அப்போதுதான் வாசற்படியில் இரண்டு பாதம் நிற்பதைப் பார்த்தான். பக்கத்தில் மூடி போட்ட தூக்குவாளி. நேற்றைய வெல்லத்தில் செய்த சர்க்கரைப் பொங்கல் என்பது நெய் மணத்திலேயே தெரிந்தது.

"தம்பி" என்றாள் செல்வராணி. "அப்ப ஒனக்குக் கால்ல உசுரு வரலையாடா?"

"இல்லக்கா. எறும்புதான்."

அவள் உள்ளே வந்தாள். அவன்மேல் கிடந்த துணியை ஓரமாகத் தூக்கினாள். கட்டுக்கு வெளியே தொடையெல்லாம் தடித்துக் கிடந்ததைப் பார்த்திருக்க வேண்டும். சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துணியைப் பழையபடி போட்டுவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

"போங்க, போங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று வாசலில் அவள் அதட்டுவது கேட்டது. "கைல ஒண்ணுமில்லாதவுக மட்டும் ரெண்டு பேரு உள்ள வாங்க. தம்பியப் பொரட்டணும்."

நெய் மணம் மட்டும் போகவில்லை. திருப்பதியின் வாயில் எச்சில் ஊறி நிறைந்தது. இவ்வளவுக்கும் பிறகு! கட்டிலுக்குக் கீழே கிண்ணம் இருந்தது. எட்டி இழுத்து அதில் துப்பினான். மறுபடி ஊறியது. மறுபடி துப்பினான்.